பிஸ்தா மரத்தடியில் ஐந்து நாள்

முதல் நாள்

காலையில் பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி, எதிரே சாலையைத் தாண்டியதும் ஜார்தான் தே பிளாந்த், பாரிஸின் தாவரவியல் தோட்டம். வாசலிலேயே லமார்க் சிலை. உள்ளே நீளமாக ஓடும் பாத்திகளைக் கடந்து மறுகோடிக்குப் போனால் பூஃபோன் சிலை. வெளியே வந்தால் ஒரு பக்கம் பூஃபோன் தெரு, ஒரு பக்கம் குவியே தெரு, கொஞ்சம் தள்ளி லின்னேயஸ் பெயரில் ஒரு தெரு, அதன் முடிவில் ஜூஸ்யூ மெட்ரோ நிலையம். செடிகளையும் விலங்குகளையும் பற்றி எழுதியவர்களுக்கு இத்தனை மரியாதை செய்யும் ஊரைப் பார்க்கவே மனம் நிறைந்தது. ஆனால் நான் தேடி வந்தவரின் பெயர் இந்தத் தெருப்பலகைகளில் என் கண்ணில் படவில்லை. செல்பேசி வரைபடத்தில் வையான் என்று போட்டால் புறநகர் முழுக்க எதுவார் வையான் தெருக்கள் வந்து குவிகின்றன. அவர் 19ஆம் நூற்றாண்டு அரசியல்வாதி. நான் தேடுவது செபாஸ்தியன் வையான், 1669இல் பிறந்து 1722இல் இறந்த தாவரவியல் ஆசிரியர்.

இருபத்தைந்து வருடம் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். மகரந்தத்தாள், மகரந்தப்பை, சூல்பை, சூல் என்று கரும்பலகையில் எத்தனை ஆயிரம் முறை படம் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஆண் பப்பாளி காய்க்காது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருக்கின்றன என்பதை ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று உரக்கச் சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் தேவைப்பட்ட காலம் இருந்தது என்பது எனக்கே ஓய்வு பெற்ற பிறகு, சாவகாசமாகப் படித்தபோதுதான் தெரிந்தது. அதை இந்தத் தோட்டத்தில் நின்று சொன்னவர் வையான். சொன்னபோது பக்கத்தில் சாட்சியாக இருந்த மரம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று படித்ததும் தங்கைக்குப் போன் செய்தேன். அவள் இங்கே புறநகரில் இருக்கிறாள். "வாக்கா, ஏப்ரல் கடைசியில வா, அப்பதான் பூ பாக்கலாம்" என்றாள். வந்துவிட்டேன்.

மரத்தை இன்று பார்க்கவில்லை, வேண்டுமென்றேதான். முதலில் அவர் பிறந்த ஊர், வளர்ந்த ஊர், அப்புறம்தான் மரம் என்று வைத்திருக்கிறேன். இன்று தோட்டத்தைச் சும்மா சுற்றினேன். 1635இல் மருந்துச் செடிகளுக்காக அரசர் பெயரில் தொடங்கிய தோட்டம் இது, அன்றைய பெயர் ஜார்தான் துய் ருவா, அரசரின் தோட்டம். பல்கலைக்கழகத்தில் பாடம் லத்தீனில் நடந்த காலத்தில் இங்கே பிரெஞ்சு மொழியில், கட்டணம் இல்லாமல், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று நடத்தியிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த மண்ணின் மேல் எனக்குத் தனிப் பிரியம். தாய்மொழியில் பாடம் கேட்ட பிள்ளையின் முகம் எப்படித் தெளியும் என்று எனக்குத் தெரியும்.

1636இல் நட்ட ரொபீனியா மரம் ஒன்று தாவரவியல் காட்சிக்கூடத்தின் அருகே நிற்கிறது. வையான் தினமும் அதைக் கடந்துதான் போயிருப்பார்.

இரண்டாம் நாள்

ஓஸ்தர்லிட்ஸிலிருந்து ஆர்.இ.ஆர். சி என்ற புறநகர் ரயில் பிடித்தால் அதன் ஒரு கடைசி நிறுத்தம் போந்துவாஸ். வையான் சிறுவனாக இருந்த ஊரையும் அவர் வேலை பார்த்த தோட்டத்தையும் இன்று ஒரே ரயில் பாதை சேர்க்கிறது என்பதை நிலைய வரைபடத்தில் பார்த்ததும் சின்னதாக ஒரு மகிழ்ச்சி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ரயிலை விட்டு இறங்கி மேடேறினால் சென் மக்லு தேவாலயம், கீழே வாஸ் ஆறு.

பையன் நன்றாகப் படிக்கிறான் என்று அப்பா இந்த ஊருக்கு அனுப்பியிருக்கிறார். இங்கே இசை கற்று, பதினொரு வயதிலேயே தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பொறுப்புக்கு வந்துவிட்டான். அப்புறம் இங்கிருந்த மருத்துவமனையில் அறுவை வைத்தியம் பழகினான். 1690இல் ஃப்ளூருஸ் போர்க்களத்தில் படையோடு போன அறுவை வைத்தியர்களில் அவரும் ஒருவர், வயது 21. இசை, கத்தி, போர் எல்லாம் முடிந்த பிறகுதான் 1691இல் பாரிஸ் போகிறார். அங்கே அரசரின் தோட்டத்துப் பேராசிரியர் தூர்ன்ஃபோரின் செடிப் பாடத்தில் போய் உட்கார்ந்த பிறகு வேறு எதிலும் மனம் நிற்கவில்லை.

போந்துவாஸில் ஒரு மணி நேரம்தான் இருந்தேன். தங்கை மகன் காரோடு வந்து வின்யிக்கு அழைத்துப் போனான். "பெரியம்மா, இந்த ஊருக்கு எதுக்குப் போறோம்னு இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேட்டான், சொல்லிக்கொண்டே போனேன். வெக்சேன் சமவெளி, கடுகு போல மஞ்சளாகப் பூத்த எண்ணெய்ப்பயிர் வயல்கள், நடுவில் சுண்ணாம்புக்கல் வீடுகளாக ஒரு சின்ன ஊர். ஊரின் பெரிய அடையாளம் 1504 வாக்கில் கார்டினல் ஜார்ஜ் தம்புவாஸ் கட்டத் தொடங்கிய கோட்டை மாளிகை. வெளியே நின்று பார்த்தோம்.

எனக்கு மாளிகையைவிட மதில் முக்கியமாக இருந்தது. ஐந்து வயதிலேயே வயல் வரப்பில் கண்ட செடிகளைப் பிடுங்கிவந்து அப்பாவின் தோட்டத்தில் நட்டு வைத்த பிள்ளை வையான். நடந்த இடம் இந்தச் சுற்றுவட்டாரம்தான். பழைய மதில் இடுக்கில் பாரியெத்தேர் என்று பிரெஞ்சில் சொல்லும் செடி, மதிலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர், சாதாரணக் களை. பூவென்று சொல்லவே தயக்கமாக இருக்கும், பச்சையாக, கடுகளவு. கைப்பையில் இருந்த ஊசியால் ஒரு மொட்டின் உள்ளே லேசாகத் தொட்டேன். மடங்கி இருந்த மகரந்தத்தாள் படக்கென்று நிமிர்ந்து வெள்ளைப் புகை போலத் தூளை வீசியது. பக்கத்தில் நின்றவன் "இன்னொரு தடவ செய்யுங்க பெரியம்மா" என்றான். ஆறு மொட்டு பார்த்தோம். அதன்பிறகு அவன் எதற்கு வந்தோம் என்று கேட்கவில்லை.

பூவின் உள்ளே நடக்கும் இந்த வெடிப்பை உட்கார்ந்து பார்த்த ஒருவனால், மகரந்தத்தூள் என்பது பூ வெளியே தள்ளும் கழிவு என்று நம்ப முடியுமா? அவருடைய ஆசிரியர் தூர்ன்ஃபோர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நாளைக்கு எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

மூன்றாம் நாள்

இன்றுதான் மரம்.

மலைச்செடித் தோட்டம் மற்ற தோட்டத்தைவிடத் தாழ்வாக, குளிர்காற்று படாதபடி பள்ளத்தில் இருக்கிறது. உலகத்தின் பல மலைகளிலிருந்து கொண்டுவந்த சின்னச் சின்னச் செடிகள், பாறைகள், அதற்கு நடுவே அந்தப் பிஸ்தா. பெரிய மரம் அல்ல. 1700 வாக்கில் நட்டது என்கிறார்கள், முந்நூறு வயதுக்கு மேல், ஆனால் முந்நூறு வயது என்றதும் மனதில் வரும் ஆலமரப் பருமன் இதற்கு இல்லை. இலை இன்னும் முழுதாக விரியவில்லை, கிளை நெடுகப் பழுப்புச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூ. மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பம்தான் இதுவும். இது ஆண் மரம். காய்த்ததே இல்லை, காய்க்கவும் காய்க்காது.

கீழே உதிர்ந்து கிடந்த ஒரு கொத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அல்லி இதழே கிடையாது. குட்டையான காம்பில் மகரந்தப்பைகள் மட்டும், ஐந்து ஐந்தாக. பை கிழிந்து தூள் கையில் ஒட்டியது. அந்த நிமிடம் எனக்கு ஒன்று புரிந்தது, புத்தகத்தில் படித்தபோது புரியாதது. தூர்ன்ஃபோர் செடிகளை வகைப்படுத்தியதே அல்லி இதழின் வடிவத்தை வைத்துத்தான். இதழ்தான் பூ என்பது அவர் கணக்கு. பூவில் எது கண்ணைப் பறிக்கிறதோ அதுதான் பூ. அதே தோட்டத்தில் இதழே இல்லாத இந்த மரம் வருடா வருடம் பூத்து நின்றிருக்கிறது. வையான் சொன்னது இதற்கு நேர் எதிர். இதழ் வெறும் உறை, மகரந்தத்தாளும் சூல்பையும்தான் பூ, மற்றதெல்லாம் அவற்றைக் காப்பதற்கு என்றார். இந்த மரத்தடியில் நின்றால் அவர் பக்கம் சாயாமல் இருக்க முடியாது.

இந்த மரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை இது. மருந்தாளர்களின் தோட்டத்தில் ஒரு பெண் பிஸ்தா இருந்தது, வருடா வருடம் பூக்கும், ஒன்றும் காய்க்காது. இந்த ஆண் மரத்தின் பூங்கிளையை அங்கே கொண்டுபோய்ப் பெண் மரத்தின் பூமேல் தூளைப் படவிட்டதும் காய் பிடித்தது. ஆண் பனையையும் பெண் பனையையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் பாரிஸ் அறிஞர்களுக்கு அது சண்டைக்குரிய விஷயமாக இருந்தது.

வையானின் இடம் எது என்பதையும் சொல்ல வேண்டும், அது தெரியாமல் 1717இல் நடந்தது புரியாது. தோட்டத்தின் மேலதிகாரி ஃபாகோன், பதினான்காம் லூயியின் தலைமை வைத்தியர். அவர்தான் வையானைச் செயலாளராக வைத்துக்கொண்டு வளர்த்துவிட்டவர். 1708இல் வையானுக்குக் கிடைத்த பதவி, செடிகளைக் காட்டி விளக்குபவருக்கு உதவியாளர். பேராசிரியர் உரை நிகழ்த்துவார், இவர் பாத்தி பாத்தியாக மாணவர்களை அழைத்துப்போய் இது இன்ன செடி, இலை இப்படி, பூ இப்படி என்று விரல் வைத்துக் காட்டுவார். அதே வருடக் கடைசியில் தூர்ன்ஃபோர் வண்டி மோதியதன் பாதிப்பில் இறந்துபோனார். பேராசிரியர் நாற்காலி வையானுக்கு வரவில்லை. 1710இல் அது அந்துவான் தெ ஜூஸ்யூவுக்குப் போனது. அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட நிறைந்திருக்காது, வையான் நாற்பதைத் தொட்டிருந்தார். ஜூஸ்யூ மருத்துவப் பட்டம் பெற்றவர், வையான் அறுவை வைத்தியர். அன்றைக்கு அறுவை வைத்தியர் என்றால் ஒரு படி கீழேதான். பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் ஆய்வக உதவியாளராக இருந்து, புதிதாக வந்த ஆசிரியருக்குச் செடி எடுத்துக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும், எங்கள் எல்லாரையும்விட அவருக்குச் செடி தெரியும். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து இன்று முழுக்க அவரையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1717இல் ஜூஸ்யூ ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கம் செடி தேடிப் போயிருந்தார். அந்த வருடப் பாடத்தைத் தொடங்கி வைக்கும் பொறுப்பு உதவியாளரிடம் வந்தது. ஜூன் 10ஆம் தேதி வையான் எழுந்து நின்று பூவின் அமைப்பைப் பற்றிப் பேசினார். ஆண் உறுப்பு, பெண் உறுப்பு, திருமணம், படுக்கை என்று கூச்சமே இல்லாத சொற்கள். தூர்ன்ஃபோர் போட்ட கட்டடத்தின் அடித்தளத்தையே கை வைத்து அசைத்த பேச்சு, அதுவும் அவர் பாடம் நடத்திய அதே தோட்டத்தில், அவரிடம் படித்தவர் வாயிலிருந்து. இறந்துபோன ஆசிரியரை மறுத்துப் பேசுவது எத்தனை கனமான வேலை என்று யோசித்துப் பாருங்கள். தூர்ன்ஃபோர் அவரை மதித்தவர், ஒரு செடி இனத்துக்கு வலாந்தியா என்று இந்த மாணவன் பெயரையே வைத்தவர். அந்தப் பாசமும் இருந்தது, அவர் சொன்னது தவறு என்ற தெளிவும் இருந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அவர் அன்று எழுந்து நின்றிருக்க வேண்டும்.

செடிக்கு ஆண் பெண் உண்டு என்று முதலில் சொன்னவர் வையான் அல்ல, இதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் கமெராரியஸ் 1694லேயே செடிகளை வைத்துச் சோதித்து எழுதிவிட்டார். தூள் எப்படி வேலை செய்கிறது என்பதிலும் வையானுக்குத் தவறு நேர்ந்தது. தூளிலிருந்து ஏதோ ஆவி கிளம்பிப் போய்ச் சூலை உயிர்ப்பிக்கிறது என்று நினைத்தார். மகரந்தக் குழாய் வளர்ந்து சூலை அடைவதைக் கண்ணால் பார்க்க இன்னும் நூறு வருடம் ஆகவேண்டியிருந்தது. ஆனால் கமெராரியஸ் எழுதியது லத்தீனில் ஒரு கடிதம். வையான் பேசியது பிரெஞ்சில், ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று. அந்த உரை 1718இல் நெதர்லாந்தின் லெய்டனில் பிரெஞ்சும் லத்தீனுமாக அச்சாகி ஐரோப்பா முழுக்கப் போனது. ஸ்வீடனில் வெக்‌ஷோ என்ற ஊரில் ரோத்மன் என்ற பள்ளி ஆசிரியர் அதிலிருந்த கருத்தைத் தன் மாணவன் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த மாணவன் லின்னேயஸ். 1735இல் மகரந்தத்தாள்களை எண்ணிச் செடிகளை 24 வகுப்புகளாக லின்னேயஸ் பிரித்ததற்கு விதை இங்கேதான் விழுந்தது. லின்னேயஸ் பெயரைத் தெரியாத மாணவன் இல்லை. நடுவில் நின்ற பள்ளி ஆசிரியரையும் செடி காட்டும் உதவியாளரையும் நானே என் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை.

நான்காம் நாள்

காலையிலிருந்து மழை. கண்ணாடி வீடுகளுக்குள் ஒதுங்கினேன். இப்போது நிற்பவை 19ஆம் நூற்றாண்டிலும் 1930களிலும் கட்டியவை, வையான் காலத்தவை அல்ல. ஆனால் இந்தத் தோட்டத்தில் வெப்பமண்டலச் செடிகளுக்கென்று சூடேற்றிய முதல் கண்ணாடி வீட்டை எழுப்பியதில் அவர் கை உண்டு. 1714இல் ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவர்கள் பதினான்காம் லூயிக்கு ஒரு காபிக் கன்றை அனுப்பிவைத்தார்கள், அது வந்து சேர்ந்தது இந்தத் தோட்டத்துக்கு. 1720களில் அதன் வழிவந்த கன்று கப்பலேறி மார்த்தினிக் தீவுக்குப் போனது. காபியும் வலாந்தியாவும் ஒரே குடும்பம் என்று இன்று நினைவுக்கு வந்தது. வலாந்தியா மத்தியதரைக்கடல் ஓரத்துப் பழைய சுவர்களிலும் பாறைகளிலும் முளைக்கும் விரலுயரப் பூண்டு. அதன் பூவைப் பார்க்க உருப்பெருக்கி வேண்டும்.

மழை விட்டதும் தாவரவியல் காட்சிக்கூடம். மேலே உலர்செடித் தொகுப்பில் சுமார் 80 லட்சம் தாள்கள். வையான் சேர்த்த செடிகள் அவர் இறந்த பிறகு அரசர் தரப்பில் வாங்கப்பட்டன, இந்தப் பெரும் தொகுப்பின் அடிவேர் அவைதான். அந்தத் தாள்கள் பொதுமக்கள் கையில் தரப்படுவதில்லை, தரவும் கூடாது. ஆனால் படங்கள் இணையத்தில் இருக்கின்றன. நேற்று ராத்திரி தங்கை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். உலர்ந்து பழுப்பேறிய தண்டு, கீழே நெருக்கமான கையெழுத்தில் நீள நீளமான லத்தீன் பெயர்கள், இன்னார் இப்படி அழைத்தார், இன்னார் அப்படி அழைத்தார் என்று வரிசையாக. லின்னேயஸ் செடிகளுக்கு இரண்டு சொல் பெயர் வைப்பதற்கு முந்தைய காலம், ஒரு செடியின் பெயரே இரண்டு மூன்று வரி ஓடும்.

கடைசி வருடங்கள் மனதைப் பிசைகின்றன. 1718லிருந்து அறிவியல் கழகத்தில் சூரியகாந்திக் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை மேல் கட்டுரை வாசிக்கிறார். மூச்சு நோய் முற்றிக்கொண்டே வருகிறது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பாரிஸ் சுற்றுவட்டாரச் செடிகளின் நூல் கையெழுத்தாகவே கிடக்கிறது. படங்களை ஓப்ரியே வரைந்து வைத்திருக்கிறார், தூர்ன்ஃபோரோடு கிழக்கு நாடுகளுக்குப் போய் வந்த அதே ஓவியர். அச்சிடப் பணம் இல்லை. லெய்டனில் இருந்த மருத்துவப் பேராசிரியர் பூர்ஹாவேவுக்கு எழுதுகிறார். பூர்ஹாவே கையெழுத்தையும் படங்களையும் வாங்கிக்கொள்கிறார். 1722 மே மாதம் வையான் இறந்தார், 52 வயது. ஐந்து வருடம் கழித்து, 1727இல், பொட்டானிகோன் பரிசியென்சே என்று பெரிய நூலாக முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களோடு அது வெளிவந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய பூர்ஹாவேக்கு என் வணக்கம்.

ஐந்தாம் நாள்

காலையில் மெதோன் காடு. அதே ஆர்.இ.ஆர். சி ரயில்தான். தூர்ன்ஃபோர் 1698இல் எழுதிய பாரிஸ் செடி நூலே ஆறு செடி தேடும் நடைகளாகத்தான் பிரிந்திருக்கிறது. வையானும் அப்படி நடந்து நடந்து அதைத் திருத்தி, பாசி, காளான் வரை சேர்த்துக்கொண்டே போனவர். மரத்தடியெல்லாம் நீல மணிப்பூக்கள். நேற்றைய மழையில் வழி சேறாக இருந்ததால் சீக்கிரம் திரும்பிவிட்டேன். உண்மையில் மனம் முழுக்க அந்தப் பள்ளத்துத் தோட்டத்தில்தான் இருந்தது, ஊருக்குக் கிளம்புவதற்குள் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மாலை நான்கு மணி இருக்கும். மழையில் கொட்டிய பூங்கொத்துகள் பாதையோரம் பழுப்பாகக் கிடந்தன. ஒரு அம்மா, ஏழெட்டு வயதுப் பையன். பையன் ஒரு கொத்தை எடுத்து அம்மாவிடம் இது பூவா என்று கேட்கிறான். அந்த அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு புரிகிறது. அவள் தெரியவில்லை என்று தோளைக் குலுக்கினாள். நான் பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து அவனிடம் நீட்டினேன். நனையாத கொத்து ஒன்றைத் தாழ்ந்த கிளைக்கு அடியில் தேடி எடுத்து, மகரந்தப்பையை ஊசிமுனையால் காட்டி, எதாமின் என்றேன். அவன் திருப்பிச் சொன்னான், என் உச்சரிப்பைத் திருத்திச் சொன்னான். இதழ் எங்கே என்று கையால் கேட்டான். இல்லை என்று தலையசைத்தேன். மறுபடி கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் கொத்தைத் தன் அம்மாவின் கறுப்புக் கோட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டினான். மஞ்சள் தூள் படிந்தது. அவள் துடைக்கப் போனாள், அவன் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டான்.